கடைசி பிளாப்பி எது?

நீங்க கிளை என்று சொன்னால் கம்ப்யூட்டரில் ஒரு கோடு ரெண்டாகப் பிரிவதைச் சொல்கிறீங்க. நான் கிளை என்று சொன்னால் அது திண்டிவனம். நம்ம ஆபீசு அப்போது விழுப்புரத்தில் ஒரே ஒரு மாடி ரூம். அதற்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை. நடுவில் ஒரு மணி நேர பஸ். அந்த பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தீங்க. பொரிகடலையை வாங்கிக்கொண்டு சும்மா போகாமல், புதுசாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், "நீ இன்னா வேலை பண்ற பாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அது கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிப் பொறுமையாகச் சொன்னது.

"இதுதாம்மா மெயின் லைனு. இங்க ஒரு கிளை பிரியுது. வேலை முடிஞ்சதும் திரும்ப வந்து சேர்ந்துக்கும். இந்த டேக் இருக்குது பாருங்க, இது மட்டும் நகராது. கஸ்டமருக்குக் குடுத்தது இதுதான்னு அடையாளம்."

நான் சிரித்துவிட்டேன்.

"இன்னாம்மா சிரிக்கிறீங்க?"

"நகராதுன்னு யாரு உனக்குச் சொன்னது?"

"மெஷின் லேசுல நகர விடாதும்மா."

"எங்க காலத்துல நகர்ந்துச்சு பாப்பா. நகர்த்தினது நான்தான்."

மிச்சத்தைச் சொல்வதற்குள் சூடம் காட்டிவிட்டார்கள். அதனால் எழுதித் தருகிறேன். நான் மூணாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். நிதானமாகப் படியுங்க.

முதலில் நான் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். வீட்டுக்காரர் போன பிறகு முகையூர்ப் பக்கத்திலிருந்து விழுப்புரம் வந்தேன். ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்த ரூமுக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். மாதா கோயிலுக்குள் போகிற மாதிரி நானும் முக்காடு போட்டுக்கொண்டு போவேன். ஆறு மாசம் கழித்து முதலாளி கூப்பிட்டார்.

"இனிமே பிளாப்பி அலமாரி சாவி உங்கிட்ட இருக்கட்டும்."

பிளாப்பியை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீங்க. கறுப்பாக, சதுரமாக, நடுவில் ஓட்டை போட்ட அட்டை. புரோகிராம் அதற்குள்தான் இருக்கும். கையில் பிடித்தால் வளையும். வளைந்தால் போச்சு.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே" என்றேன்.

"அதனாலதான் உங்கிட்ட குடுக்கறேன். படிக்கத் தெரிஞ்சவன் உள்ள இன்னா இருக்குதுன்னு போட்டுப் பார்ப்பான். பார்த்தா சும்மா இருக்க மாட்டான், ஒரு எடத்த மாத்துவான். நீ கேட்டா எடுத்துக் குடு, குடுத்தா வாங்கி வை. அது போதும்."

ஒன்பது வருஷம் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு பிளாப்பி காணாமல் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காணாமல் போகவில்லையே தவிர, கெட்டுப் போயிருக்கிறது. சாவி வாங்கிய முதல் மாசமே திண்டிவனத்துக்கு மூணு பிளாப்பி எடுத்துப் போனேன். பஸ்ஸில் கூட்டம். டிரைவர் நல்ல மனுசன், "பைய இப்படி வைம்மா" என்று பக்கத்தில் இருந்த என்ஜின் மூடியைக் காட்டினார். வைத்தேன். திண்டிவனத்தில் இறங்கி எடுத்தால் சுடுகிறது. அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் விமலா என்று ஒரு பெண். வெடுக் வெடுக் என்று பேசும், ஆனால் மனசு வெல்லம். அது கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அந்தோணிம்மா, இத எந்தக் கடையில பொரிச்சு எடுத்தாந்தீங்க?" என்றது. மூணும் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அதிலிருந்து பையை மடியை விட்டு இறக்கியதில்லை. ரெண்டு ஆபீசுக்கும் சேர்த்துப் பத்து பிளாப்பி உள்ள ஒரு டப்பாதான். மெட்ராசிலிருந்து அடுத்த டப்பா வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் ஏழு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க.

இப்போது பொட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விழுப்புரத்தில் புரோகிராம் எழுதினவரை நாங்கள் கண்ணாடி சார் என்போம். பிளாப்பி மேலே அவர் இங்கிலீசில் பேர் எழுதுவார். அந்தக் கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது, நான் எப்படிப் படிப்பது? அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸ்டிக்கர் பொட்டு. அப்போதுதான் புதுசாக வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே வளையல் கடைக்குப் போனேன். கடைக்காரிக்கு என்னைத் தெரியும், நான் பொட்டு வைப்பதில்லை என்றும் தெரியும்.

"பொட்டு யாருக்குக்கா?"

"பிளாப்பிக்கு."

"யாரு அது? புது மருமவளா? பேரு வெள்ளக்காரிச்சி பேரா இருக்குதே."

"கறுப்புதான். சதுர மூஞ்சி."

"அய்யே! அப்ப செவப்பு எடுப்பா இருக்காதுக்கா, பச்சை வாங்கிக்கோ."

ரெண்டும் வாங்கினேன். பச்சை விழுப்புரத்துக்கு, சிவப்பு திண்டிவனத்துக்கு.

வேலை ஒரு சர்க்கரை மில்லுக்கு. மில்லுக்குக் கரும்பு பதிந்திருக்கிற விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. இந்த நாளில் வெட்டு என்று மில்லு சீட்டுக் கொடுக்க வேண்டும், அதற்கு வெட்டு ஆர்டர் என்று பேர். யார் எப்போது வெட்டுவது என்று நம்ம கம்ப்யூட்டர்தான் லிஸ்ட்டு அடித்துக் கொடுக்கும். விவசாயிகள் பேரும் நட்ட தேதியும் விழுப்புரம் மெஷினுக்குள்ளேயே இருக்கும். யாரை முன்னே விடுவது, யாரைப் பின்னே விடுவது என்கிற புத்திதான் பிளாப்பியில்.

கரும்பைக் கரணையாகத் துண்டு போட்டுப் புதுசாக நட்டால் புதுநடவு. வெட்டின கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்தால் மறுதாம்பு. மறுதாம்பு ஒரு மாசம் முன்னாடியே முத்திவிடும். ரெண்டுக்கும் கணக்கு வேறே. அதனால் ஒரே பிளாப்பியைக் காப்பி எடுத்து, புதுநடவைக் கண்ணாடி சார் இங்கே பார்த்தார், மறுதாம்பை விமலா அங்கே பார்த்தாள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ரெண்டு ஊரில் வளர்ந்த மாதிரி.

தினமும் வேலை முடிந்ததும் புதுசாகச் சேர்த்ததை வேறொரு பிளாப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். நான் பழசிலிருந்து பொட்டை உரித்துப் புதுசில் ஒட்டுவேன். பொட்டு எதில் இருக்கிறதோ அதுதான் கடைசி. வேலை முன்னே போகப் போகப் பொட்டும் கூடவே நடக்கும். நீங்க கிளை என்பது இதைத்தான்.

அரவைக் காலம் வந்தது. ரெண்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கண்ணாடி சாரே திண்டிவனம் போய் ரெண்டு நாள் உட்கார்ந்தார். ரெண்டு பேரும் ஒரே வரியை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றி வைத்திருந்தார்கள்.

"உன்னுத எடுத்துடு விமலா."

"ஏன் சார், உங்களுத எடுக்கக் கூடாதா? பஸ்ஸேறி வந்தா பெரிய ஆளா?"

நான் டீ வாங்கி வந்து வைத்தேன். ஆறிப் போன பிறகும் சண்டை ஆறவில்லை. ஒரு வழியாக ரெண்டு வரியும் இருக்கிற மாதிரி செய்து முடித்தார்கள். அந்தப் பிளாப்பிக்குச் சிவப்புப் பொட்டு. பெரிய பிரிண்டர் விழுப்புரத்தில்தான் இருந்தது, அங்கே கொண்டுபோய் லிஸ்ட்டு அடித்து மில்லுக்குக் கொடுத்தோம். ஊர் ஊராகக் கரும்பு வெட்டினார்கள். ஒரு புகார் இல்லை. லிஸ்ட்டு அடித்ததும் அந்தப் பிளாப்பி திண்டிவனத்துக்கே திரும்பிப் போய்விடும். ஏழே ஏழு இருக்கும்போது எங்கே ஒன்றைச் சும்மா வைப்பது?

விமலாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அடுத்த வருஷத்துக்கு என்று மறுதாம்பை, எத்தனையாவது தடவை துளிர்த்தது என்று பார்த்து, முதல் தாம்பு, ரெண்டாம் தாம்பு, மூணாம் தாம்பு என்று தனித்தனியாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ரெண்டு வரைக்கும் முடித்து, மூணைப் பாக்கி வைத்து, வேறொரு பிளாப்பியில் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் வழக்கம்போல் மில்லுக்குப் போன பிளாப்பியிலிருந்து பொட்டை உரித்துவிட்டு இதற்குப் பொட்டு வைத்தேன். கை பழகிய வேலை. மனசு அதில் இல்லை.

அரவை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. கண்ணாடி சார், "அந்தோணிம்மா, திண்டிவனம் போய் கடைசி பிளாப்பிய எடுத்துக்கினு வாங்க, கடைசி லிஸ்ட்டு அடிக்கணும்" என்றார். பொட்டு வைத்ததைக் கொண்டுவந்தேன். அடித்தார். மில்லு வாங்கிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருத்தர் தோளில் ஒரு முழுக் கரும்போடு மாடி ஏறி வந்தார். பேர் கோதண்டம். பனமலை ஏரிக்குக் கீழே அவர் நிலம்.

"மில்லுல கேட்டா கம்ப்யூட்டர்ல என் பேரு இல்லைன்றான். எங்கம்மா அந்தக் கம்ப்யூட்டரு? நான் அவனப் பாக்கணும்."

"செருப்ப வெளிய விடுங்கண்ணே."

"வுட்டுட்டேன். எங்க அவன்?"

"அது ஆளில்லீங்க, மெஷினு. அது தப்பு பண்ணாது. நீங்க பதிவு பண்ணாம வுட்டிருப்பீங்க."

அவர் இடுப்பு வேட்டியின் மடிப்பைப் பிரித்து அதிலிருந்து மில்லு பதிவுச் சீட்டை எடுத்து என் முன்னே வைத்தார். பிறகு கரும்பை முட்டியில் வைத்து ரெண்டாக ஒடித்துக் காட்டினார். நடுவில் முத்திப் போய் வெள்ளையாகப் பஞ்சு விழுந்திருந்தது.

"பாத்துக்கோ. அடுத்த வாரம் மில்லு மூடுறான். அதுக்குள்ள வெட்டலன்னா வயல்லயே நின்னு காஞ்சி அடுப்புக்குத்தான் ஆவும். ஒரு வருஷம் நானும் என் பொண்டாட்டியும் தண்ணி கட்டுனது. என் பக்கத்து நிலத்துக்காரன் எல்லாம் வெட்டிக்கினு இருக்கான். நான் மட்டும் பாத்துக்கினு நிக்கறேன்."

கண்ணாடி சார் வந்து பதிவுச் சீட்டைப் பார்த்தார். மூணாம் மறுதாம்பு. லிஸ்ட்டைப் புரட்டினார். மூணாம் மறுதாம்புக்காரர் ஒருத்தர் பேர்கூட அதில் இல்லை. மெஷினில் எண்ணிப் பார்த்தார், பதினோரு பேர். அவர் முகம் எப்படி ஆனது என்று நான் எழுத வேண்டாம்.

"இன்னா பிளாப்பி எடுத்தாந்தீங்க?"

"நீங்க கேட்டதுதான். கடைசி."

"கடைசின்னா மில்லுக்குக் கடைசியா குடுத்தது!"

"கடைசின்னா கடைசியா வந்தது! விமலா எங்கையில கடைசியா அதத்தான் குடுத்துச்சு."

கோதண்டம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு கடைசி இருக்குது. என் கரும்பு எந்தக் கடைசியில இருக்குது?"

மில்லுக்குப் போன் போட்டோம். மூணு மணிக்கு ஜீப்பு வரும், திருத்தின லிஸ்ட்டை அதில் கொடுத்தால் லாரி ஏற்பாடு செய்ய முடியும், அதற்குப் பிறகு முடியாது என்றார்கள். திண்டிவனத்தில் ஆபீசுக்குப் போன் கிடையாது, பக்கத்து மருந்துக் கடைக்குத்தான் பேச வேண்டும். எத்தனை தடவை சுழற்றியும் லைன் கிடைக்கவில்லை.

"ஒன்னும் பேஜாராவாதீங்க" என்றார் கண்ணாடி சார். "இந்தப் பிளாப்பியிலயே மூணாம் தாம்ப நான் எழுதிடறேன். ரெண்டு மணி நேர வேலை."

"எழுதுங்க சார். நான் போய் முன்ன மில்லுக்கு லிஸ்ட்டு அடிச்ச பிளாப்பிய எடுத்தாறேன்."

"அதுவா? ஏழு பிளாப்பிய வெச்சிக்கினு விமலா மாத்தி மாத்தி எழுதிக்கினு இருக்குது. இந்நேரம் அது மேல வேற எழுதியிருக்கும்."

"எழுதியிருந்தா வெறுங்கையோட வர்றேன்."

"சரி, எழுதலன்னே வெச்சிக்கலாம். எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொட்டத்தான் உரிச்சிட்டீங்களே. இங்கிலீசு படிக்கவும் தெரியாது."

சுருக்கென்றது. இறங்கிப் போய் பஸ் ஏறினேன். வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். பொட்டை உரித்தால் பசை நிற்கும், பசையில் தூசி ஒட்டிக் கறுப்பாக அச்சு விழும். ஆனால் எல்லாப் பிளாப்பியிலும்தான் பொட்டு ஒரு நாள் இருந்திருக்கிறது, எல்லாவற்றிலும் வட்டமாக அச்சு இருக்கும். எதை வைத்துப் பிரிப்பது?

பஸ் மயிலம் ரோட்டைத் தாண்டும்போது ஞாபகம் வந்தது. ரெண்டு பேர் வேலையையும் சேர்த்த அந்த வாரம் கடையில் வட்டச் சிவப்பு தீர்ந்துவிட்டது. நீளமாக, நெல்லு மாதிரி இருப்பதைத்தான் கொடுத்தாள். அந்த ஒரு அட்டை மட்டும்தான் வாங்கினேன், அந்த ஒரு பிளாப்பிக்குத்தான் அதை ஒட்டினேன். அடுத்ததற்கு மாற்றும்போது பிய்ந்துபோய், மறுபடியும் வட்டம் வைத்தேன். அப்படியென்றால் நெல்லு அச்சு இருப்பதுதான் மில்லுக்குப் போனது.

திண்டிவனம் ஆபீசுக்குள் ஓடினேன். விமலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசையில் மூணு பிளாப்பி. ஒன்றொன்றாகத் திருப்பினேன். வட்டம். வட்டம். வட்டம். மிச்சம் ஒன்று மெஷினுக்குள் இருந்தது.

விமலாவின் விரல் ஒரு பட்டனுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏய் விமலா! கைய தூக்கு!"

அவள் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். "இன்னாம்மா, போலீசா நீங்க? நான் இன்னா திருடினேன்?"

"உள்ள இருக்கற பிளாப்பிய எடு. எதையும் அமுக்காத. எடு!"

எடுத்தாள். ஓரத்தில் நெல்லு மாதிரி கறுப்பாக ஒரு அச்சு. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா எழுதலாம்னு இருந்தேம்மா. எல்லாம் அடிச்சு முடிச்சிட்டேன். அந்த ஒரு பட்டன்தான் பாக்கி."

நான் கிளம்ப எழுந்தேன். வெளியே விழுப்புரம் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. பையில் வைக்கப் போனவள் நின்றேன். வழியில் இது கெட்டால் பதினோரு பேர் கரும்பும் போச்சு.

"இதுக்கு ஒரு காப்பி எடுத்து இங்க வெச்சிக்க."

"பஸ்சு போயிடும்மா."

"போவட்டும்."

போனது. அடுத்த பஸ் இருபது நிமிஷம் கழித்து. நெருக்கடியில் கையும் காலும் ஓடு ஓடு என்றுதான் சொல்லும். உங்களுக்கும் சொல்லும். அந்த நேரத்தில் நின்று ஒரு காப்பி எடுக்கிறவரைத்தான் நான் வேலைக்காரர் என்பேன்.

காப்பி எடுத்து முடித்ததும் விமலாவுக்கு ஒரு யோசனை வந்தது. "அந்தோணிம்மா, அங்க சாரு அவசரத்துல இது மேலயே எழுதிட்டாருன்னா?"

"எழுதாம எப்படிப் பண்றது?"

பிளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருந்ததைக் காட்டினாள். "இத மூடிட்டா மெஷினு படிக்கும், எழுதாது. இதுக்குன்னே டப்பாவுல வெள்ளி ஸ்டிக்கர் வந்துச்சு."

"எங்க அது?"

"கொலுவுல கிருஷ்ணருக்குக் கிரீடம் ஒட்டிட்டேன்."

திட்டுவதற்கு எனக்கு நேரம் இல்லை. அவளே நெற்றியில் கை வைத்து, அங்கே இருந்த பெரிய வட்டப் பொட்டைப் பிய்த்தெடுத்தாள். பாதி முன்னால், பாதி பின்னால் வருகிற மாதிரி மடித்துப் பள்ளத்தை மூடி அழுத்தி ஒட்டினாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"இப்ப யாரு வந்தாலும் ஒரு எழுத்து மாத்த முடியாது" என்றாள்.

நான் விழுப்புரம் சேரும்போது ஜீப்பு வாசலில் நின்றது. டிரைவர் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு, "ஜல்தி ஜல்தி" என்றார். மேலே கண்ணாடி சார் சிரித்த முகமாக லிஸ்ட்டை நீட்டினார்.

"முடிச்சிட்டேன். பதினோரு பேரும் வந்துட்டாங்க பாருங்க. உங்க பிளாப்பிக்கு வேலையில்ல."

கோதண்டம் தன் பேரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். கெடுக்க வந்தவள் நான் ஒருத்திதான்.

"சார், இதையும் ஒரு வாட்டி ஓட்டுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாத்துட்டுக் குடுக்கலாம்."

"இன்னாத்துக்கு? இருக்கறதெல்லாம் சரியா இருக்குது."

"ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி பொறந்த லிஸ்ட்டு சார் அது. இதுல அடிச்சத வெச்சி எத்தினி ஊருல வெட்டினாங்க."

"பாக்கறது யாரு? உங்களுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்" என்று கோதண்டத்தைக் காட்டினேன்.

முணுமுணுத்துக்கொண்டே பிளாப்பியைப் போட்டார். பிரிண்டர் கத்திக் கத்தி ஒவ்வொரு வரியாகத் துப்பியது. கீழே ஜீப்பு ஹார்ன். கோதண்டம் ரெண்டு லிஸ்ட்டையும் தரையில் விரித்து, மண்டியிட்டு, ரெண்டிலும் ஒவ்வொரு விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் ஒரு விரல் நின்றது.

"ஓமந்தூர்ல என் மச்சான் பேரு இருக்குது சார், உங்களுதுல."

"இருக்கட்டுமே."

"அவன் நட்டே பத்து மாசம்தான் ஆவுது. நானும் கூட நின்னுதான் கரணை போட்டேன். இப்ப வெட்டுனா சாறு வராது, தண்ணிதான் வரும். இந்தம்மா கொண்டாந்ததுல அவன் பேரு இல்ல, என் பேரு இருக்குது."

கண்ணாடி சார் குனிந்து பார்த்தார். மூணாம் மறுதாம்பை உள்ளே இழுக்கப் போய், புதுநடவுக்காரர்களுக்கும் மறுதாம்புக் கணக்கையே போட்டுவிட்டார். பதினோரு பேரைக் காப்பாற்றி, வேறே எத்தனையோ பேர் இளங்கரும்பை வெட்டச் சொல்லியிருந்தது அந்த லிஸ்ட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் லிஸ்ட்டை நாலாக மடித்து டிராயரில் போட்டார். அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகம் வேண்டாம். கெட்டிக்காரருக்குத்தான் அவசரத்தில் தன் கை மேல் அவ்வளவு நம்பிக்கை வரும்.

மறுநாளிலிருந்து நம்ம ஆபீசில் கடைசி என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். 'ஓடிக்கினு இருக்கறது', 'குடுத்தது', இந்த ரெண்டில் எது வேண்டுமோ அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னும் வேலை ஓடிக்கொண்டிருப்பதற்கு மேலே பொட்டு, அது நடக்கலாம். கொடுத்ததற்குப் பள்ளத்தில் பொட்டு, அதை நானே நினைத்தாலும் உரிக்கக் கூடாது. வளையல் கடையில் ஒரு டஜன் அட்டை வாங்கினேன். கடைக்காரி, "பிளாப்பி நல்லா இருக்காளா?" என்று கேட்டாள். உங்க மெஷினில் இதற்கெல்லாம் அழகழகாகப் பேர் இருக்கிறது. ஆனால் ஒருத்தர் வந்து "லேட்டஸ்ட்டு குடு" என்றால், எந்த லேட்டஸ்ட்டு என்று கேட்காமல் எதையும் எடுத்து நீட்டாதீங்க. கேட்டால் கோபம் வரும் அவருக்கு. வரட்டும்.

எங்கேயோ போய்விட்டேன். அந்த வியாழக்கிழமை இன்னும் முடியவில்லை.

லிஸ்ட்டை ஜீப்புக்குக் கொண்டுபோகக் கண்ணாடி சார் எடுத்தார். கோதண்டம் குறுக்கே நின்றார்.

"எனக்கு ஒன்னு அடிச்சிக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க? மில்லுலயே சீட்டு தருவாங்க."

"ஒன்னு மில்லுக்கு, ஒன்னு எனக்கு. இது கீழ போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க வேற எதையாச்சும் மாத்திப்புடுவீங்க."

சார் அவர் பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை அடித்துக் கொடுத்தார். கோதண்டம் அதை வாங்கி என் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு காத்தால சொன்னியேம்மா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விமலா இல்லை. கண்ணாடி சார் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி என்று சொன்னது அவர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை.

"அது பண்ணலீங்கண்ணே. அடையாளத்த மாத்தி வெச்சது நான்."

கோதண்டம் முகத்தில் கோபம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு காகிதத்தை மேசையில் வைத்துத் தன் பேர் இருந்த வரியைக் காட்டினார். எதிரே வெட்டு நாள் அடித்திருந்தது.

"அப்ப இங்க நீ கையெழுத்து போட்டுக் குடு. நாளைக்கு எவனாவது இல்லைன்னா நான் யாரப் போய்க் கேக்கறது? கம்ப்யூட்டருக்குக் கை இல்ல."

"நான் அட்டெண்டருங்க. என் கையெழுத்து எங்கயும் செல்லாது."

"எனக்குச் செல்லும். போடு."

கண்ணாடி சார் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கீழே ஹார்ன் விடாமல் அடித்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மேசையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் பேருக்குப் பக்கத்தில் அ போட்டேன். ந் போட்டேன். ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றோடொன்று இடிக்காமல், அந்தோணியம்மாள் என்று எழுதினேன்.

"ஜீப்பு போயிடப் போவுதும்மா" என்றார் சார்.

ள் போட்டு, அதற்கு மேலே புள்ளியும் வைத்த பிறகுதான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.